நினைவில்லமும் மூலபாடமும்

இலக்கிய ஆராய்ச்சிக்கு நூல்களேயன்றி இடங்களும் சான்றாகும் என்னும் கருத்து இன்று நம் மாணவரிடையே வலுப்பெற்று வருகின்றது. புலவர் பிறந்த ஊரையும் வாழ்ந்த மனையையும் நேரிற் கண்டு எழுதுதல் நன்றே. ஆயினும், கண்டவற்றை எவ்வாறு சான்றாக ஆளுதல் வேண்டும் என்பது பற்றி நாம் போதிய அளவு சிந்தித்தோம் அல்லோம். ஏட்டுச் சுவடியைப் படிக்கும் முறையை நமக்குக் கற்பித்த பேரறிஞர் பலர். கண்ணாடிப் பேழையையும் அதன் அருகே வைத்த குறிப்பட்டையையும் படிக்கும் முறையைக் கற்பித்தார் அரியர்.

இதனைப் பிறர்மேல் வைத்து உரைக்க யாம் விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புலவரின் நினைவில்லத்தில் அவர் எழுதிய மடல் ஒன்றைக் கண்ணாடியின் உள்ளே கண்டோம். அதனைப் பெயர்த்தெழுதிக் கொண்டோம். அம்மடலில் ஒற்றுக்கள் மிக்கும் குறைந்தும் வந்த இடங்களைக் கொண்டு அப்புலவரின் எழுத்து வழக்கைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அதனை ஒரு கட்டுரையில் அச்சிட்டும் விட்டோம். பின்னர் அவ்வில்லத்திற்குச் சென்ற எம் மாணவி ஒருத்தி, அத்தாளில் மடித்த தடம் ஒன்றேனும் இல்லையே என்று வினவினாள். உசாவியபோது, அது மூலம் அன்று என்பதும், மூலத்தைப் பார்த்துப் பிறர் ஒருவர் எழுதிய படியின் நிழற்படம் என்பதும் தெரியவந்தன. யாம் ஆராய்ந்தது புலவரின் வழக்கை அன்று, படியெடுத்தவரின் வழக்கையே. குறிப்பட்டை பொய் கூறவில்லை. ‘புலவரின் மடல்’ என்றே அதில் இருந்தது. ‘புலவரின் கை’ என்று கொண்டது எம் பிழை. அக்கட்டுரையை மேற்கோளாகக் காட்டிய ஆய்வேடுகள் இரண்டினைப் பிற்றை நாளில் கண்டபோது எமக்கு நேர்ந்த நாணத்தின் பயனே இக்கட்டுரை என்று கொள்ளினும் இழுக்கில்லை.

அண்மையில் முதுகலை மாணவர் சிலரை உடன்கொண்டு இராயப்பேட்டையினின்று திருவல்லிக்கேணி வரை நடந்து சென்றோம். (ஊர்ப் பெயரை ‘ராயப்பேட்டை’ என எழுதுவதே இன்று பெருவழக்கு. மரபு கருதி யாம் இகரம் சேர்த்து எழுதுகின்றோம். ஊரார் இரண்டனையும் பொறுத்துக்கொள்கின்றனர்.) எம் நோக்கம் திருவல்லிக்கேணித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் உள்ள பாரதியார் இல்லத்தைக் காண்பது. அஃது ஒரு சிறு காட்சியகம். அதனைக் காண இராயப்பேட்டை வழியே ஏன் செல்லல் வேண்டும் என்று மாணவர் கேட்டனர். காட்சியகம் இல்லாத இடத்தைக் கண்ட பின்னரே காட்சியகத்தின் அருமையும் குறையும் ஒருங்கே புலப்படும் என்று விடையிறுத்தோம்.

இராயப்பேட்டையில் வரலாற்றுச் சின்னங்கட்குக் குறைவில்லை. ஆர்க்காட்டு நவாபின் அரசுரிமை 1855இல் முடிவுற்றுச் சேப்பாக்கத்து மாளிகை கைவிட்டுப் போனபின், 1876 முதல் அக்குடும்பத்தின் உறைவிடமாக அமைந்த அமீர் மகால் ஈண்டு உள்ளது. அது மக்கள் வாழும் மனை, காட்சியகம் அன்று. ஆதலின் வாயிலினின்று நோக்கி அப்பால் நடந்தோம். இலக்கிய மாணவர்க்கு இராயப்பேட்டை என்றதும் நினைவுக்கு வரவேண்டியவர் வேறொருவர். அவர் திரு.வி. கலியாணசுந்தரனார்.

துள்ளம் என்னும் சிற்றூரில் 1883இல் பிறந்த திரு.வி.க., தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இராயப்பேட்டையிலேயே கழித்தார். வெஸ்லி கல்விக்கூடத்தில் பயின்றார். பின்னர் அந்நிறுவனத்திலேயே தமிழாசிரியராக இருந்தார். 1917இல் தேசபக்தன் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1920இல் நவசக்தியைத் தொடங்கினார். அவர் நூல்கள் பலவற்றின் முகப்பில் ‘சாது அச்சுக்கூடம், இராயப்பேட்டை’ என்னும் குறிப்பினைக் காணாத தமிழ் மாணவர் ஒரு தலைமுறைக்கு முன்னர் இலர். இன்று அவர் பெயரால் ஒரு சாலை உண்டு. சாலையின் பெயர்ப் பலகை ஒருவர் வாழ்ந்தார் என்பதை மட்டும் அறிவிக்கும். எங்ஙனம் வாழ்ந்தார் என்பதை அறிவிக்க அதற்கு இடம் போதாது.

ஆயின், திரு.வி.க. 1944இல் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்புகள் என்னும் நூல் இக்குறையைப் பெரிதும் நிறைவு செய்கின்றது. அதனைத் தன்வரலாறு என்று மட்டும் வகைப்படுத்துதல் போதாது என்பது எம் கருத்து. தன்வரலாற்றில் ‘தான்’ முன் நிற்கும். இந்நூலிலோ ஆசிரியர், நண்பர், சபைகள், பள்ளி, அச்சகம், தொழிலாளர் கூட்டம் ஆகியன முன் நிற்க, எழுதுபவர் ஒதுங்கி நின்று அவற்றைக் காட்டுபவராகவே பல இடங்களில் அமைகின்றார். காட்சியகத்துள் வழிகாட்டி நடந்து செல்வது போன்ற நடை அது. இராயப்பேட்டையின் வட்டார வரலாற்றை எழுதப் புகுவார் எவரும் அந்நூலைத் தவிர்த்தல் இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். வெஸ்லி பள்ளியில் திரு.வி.க.வுக்குத் தமிழ் கற்பித்தவர் யாழ்ப்பாணத்துப் புலோலியைச் சார்ந்த நா. கதிரைவேற் பிள்ளை. இராமலிங்கரின் பாடல்களைப் பற்றி எழுந்த வழக்கில் கதிரைவேற் பிள்ளை ஒரு கட்சியின் தலைவராக நின்றார். 1904இல் அவ்வழக்கு நீதிமன்றம் ஏறியது. ஆசிரியர் பொருட்டுச் சான்று கூறச் சென்றமையால் மாணவராகிய திரு.வி.க. இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. இந்நிகழ்ச்சியை ஒரு காட்சியகத்தில் வைப்பதாகக் கொள்வோம். பேழையில் வைக்கத்தக்க பொருள் யாது? எழுதப்படாத விடைத்தாளை எவ்வாறு காட்டுவது? அதனினும் அரியது குறிப்பட்டை எழுதுவது. ‘அருட்பா’ என்று எழுதினால் ஒரு கட்சி. ‘மருட்பா’ என்று எழுதினால் மறு கட்சி. பெயரிடும்போதே தீர்ப்பும் கூறப்பட்டுவிடுகின்றது. பின்னாளில் திரு.வி.க. சமயங்களின் பொதுமையைப் பேசியவர் ஆயினார். இராமலிங்கரைப் போற்றி எழுதினார். அந்த மாற்றம் முழுதும் தோன்றுமாறு எழுதப் பத்துச் சொற்கள் கொண்ட அட்டை இடந்தராது. நூல் இடந்தந்தது. இதனால் நூல் உயர்ந்தது, காட்சியகம் தாழ்ந்தது என்பது எம் துணிபன்று. இரண்டும் வெவ்வேறு சான்று வகைகள். ஒன்றன் வேலையை மற்றொன்றனிடம் கேட்டல் கூடாது.

இனித் திருவல்லிக்கேணிக்கு வருவோம். பாரதியார் இல்லம் அவர் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் தங்கியிருந்த இடம். 1908இல் சென்னையை நீங்கிப் புதுவை சென்றவர், பத்தாண்டுகள் கழிந்து 1918இல் அங்கிருந்து வெளியேறிக் கடலூரில் கைதாகி, விடுதலைக்குப் பின் கடையத்தில் வாழ்ந்து, 1920இல் மீளவும் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் பணி ஏற்றார். 1921 செப்டம்பரில் இவ்வில்லத்திலேயே உயிர் நீத்தார். ஆகவே அவர் இவ்விடத்துடன் கொண்ட தொடர்பு மிகக் குறுகிய காலத்தது. அரசு இம்மனையை 1993இல் வாங்கி நினைவில்லமாக்கிற்று. அவர் பாடல்களின் உரிமையை அரசு பெற்றதோ 1949இல். பாட்டு முதலிலும் மனை நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தும் பொதுவுடைமை ஆயின. இம்முறை வைப்பு தற்செயலாகவே நேர்ந்தது எனினும் திறனாய்வாளர்க்கு உவப்பானதே.

உள்ளே ஒளிப்படங்களும் கையெழுத்துப் படிகளும் நூல்களும் உள்ளன. வருவோர் பலர்; நெடும்பொழுது நிற்போர் சிலர். எம் மாணவர் குறிப்பேடுகளை எடுத்துப் படங்களின் கீழ் உள்ளவற்றை எழுதத் தொடங்கினர். அவர்களை இடைநிறுத்தி ஒரு வினாவை விடுத்தோம்: சுவடிப் பதிப்பில் மூலம், படி, உரை, இடைச்செருகல் என நாம் பிரிக்கும் நான்கனையும் இவ்வறையில் பிரித்துக் காட்டுவீரோ?

முதலில் எளிதென்றே எண்ணினர். பாரதியாரின் ஒளிப்படங்களாக அறியப்படுவன மிகச் சில; அவை மூலம். அவற்றைப் பெரிதாக்கிய படங்கள் படி. ஓவியர் ஆர்யா வரைந்த புகழ்மிக்க ஓவியம் முதலாயினவற்றை யாதென்பது? தலைப்பாகையும் கூரிய நோக்கும் கொண்டு தமிழர் இல்லந்தோறும் விளங்கும் பாரதியார் உருவம் பெரிதும் ஓவியர் தந்தது. அது மூலத்தின்மேல் எழுந்த உரை, சிறந்த உரை. நச்சினார்க்கினியர் உரை வழியன்றிச் சிந்தாமணியை அணுக இயலாதவாறு போல, இவ்வுரை வழியன்றிப் பாரதியார் முகத்தை நினைக்க இயலாதவராயினோம். உரையை உரை என்று அறிந்து போற்றுதலில் குற்றமில்லை. ஒளிப்படத்தையும் ஓவியத்தையும் ஒரே சட்டத்தில் ஒரே அளவில் மாட்டும் வழக்கம் நம் நினைவில்லங்களில் பரவலாக உள்ளது. அவ்வாறு மாட்டும்போதுதான் இடர் தோன்றுகின்றது.

அடுத்து அவ்வீட்டினை நோக்கினோம். வீடு மூலமா, படியா? பாரதியார் சொந்த வீடு கட்டி வாழ்ந்தவர் அல்லர். எட்டயபுரம், காசி, சென்னை, புதுவை, கடையம், மீண்டும் சென்னை என இடம் பெயர்ந்த வாழ்வு அவருடையது. இன்று எட்டயபுரத்திலும் புதுவையிலும் சென்னையிலும் அவர்க்கு இல்லங்கள் உள்ளன. ‘இல்லம்’ என்னும் அச்சொல்லே ஒரு வகையில் இடைச்செருகல். நிலையாத வாழ்வுக்கு நிலைத்த மனையை நாம் பின்னர்ச் சேர்த்துக் கொடுத்தோம். இஃது அன்பினால் நேர்ந்த செருகல். கம்பன் காவியத்துட் புகுந்த வெள்ளிப் பாடல்களும் பகையினால் புகுந்தன அல்லவே! மாணவர் ஒருவர் இது கடுஞ்சொல் என்றார். கடுமை சொல்லில் உண்டேயன்றி நோக்கில் இல்லை என்று அமைதி கூறினோம். அவர் முற்றும் உடன்பட்டதாகத் தோன்றவில்லை.

இறப்பு நாள் பற்றிய செய்தி இம்முறைக்கு மிகவும் ஏற்றதொரு பாடவேறுபாடு. பாரதியார் மறைந்த நாள் செப்டம்பர் 11 என்பாரும் 12 என்பாரும் உளர். அவர் உயிர் நீத்தது 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து, மறுநாள் விடியுமுன். பதிவேடு 12 என்று கூறும். தமிழக அரசு 2021இல் நூற்றாண்டு நினைவையொட்டிச் செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என அறிவித்தது. இவற்றுள் எது பிழை? நள்ளிரவில் நாள் மாறும் என்னும் கணக்கிற்கு 12 சரி. கதிரெழுச்சியில் நாள் தொடங்கும் என்னும் நம் பழங்கணக்கிற்கு அவ்விரவு முழுதும் 11ஆம் நாளுக்கே உரியது. உடனிருந்தோர் அவ்விரவை முன்னாள் இரவாகவே எண்ணினர் என்று கொள்ளின் வேறுபாடு தோன்றிய காரணம் விளங்கும். நல்ல பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை மேலே அச்சிட்டு மற்றதனை அடிக்குறிப்பில் தருவார். பாட வேறுபாட்டை ஒளிக்கமாட்டார். நினைவில்லப் பலகைக்கும் அடிக்குறிப்பு வேண்டும் என்று யாம் கூறுவது இதனால்தான்.

யானைச் செய்தியும் இத்தகையதே. பார்த்தசாரதி கோயில் யானை தாக்கியதனால் பாரதியார் இறந்தார் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். தாக்குண்டது உண்மை. எனினும் அவர் அதனின்றும் தேறிச் சுதேசமித்திரன் பணிக்குத் திரும்பினார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலைக்குச் சென்று சொற்பொழிவும் ஆற்றினார். பின்னர் வந்த வயிற்று நோயே அவர் உயிரைக் கொண்டது. கோயிலும் அவ்வில்லமும் அண்மையில் இருத்தலின், கோயிலைக் கண்டு இல்லத்துக்கு வருவோர் நெஞ்சில் இரண்டும் காரண காரியமாக இணைந்துவிடுகின்றன. எந்தப் பலகையும் எழுதாத பொய்யை இடங்களின் அண்மையே எழுதிவிடும் என்பதற்கு இது சான்று. இவ்வகைப் பிழையை யாம் வேறெங்கும் இத்துணைத் தெளிவாகக் கண்டதில்லை.

சுவரில் எழுதப்படும் கவிதைத் தலைப்புகள் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். பாரதியார் பாடல்களின் இன்றைய தலைப்புகளுள் பல, பிற்காலப் பதிப்பாளர் இட்டவை. காலமுறைப்படி அவர் எழுத்துக்களைத் தொகுத்த சீனி. விசுவநாதனின் பதிப்பு வெளிவந்தபின் இதனை அறியாதிருத்தற்கு ஆய்வு மாணவர்க்கு உரிமை இல்லை. பாரதியார் நினைவில்லம் எதிலேனும் தொங்கும் தலைப்பைப் ‘பாரதி இட்ட பெயர்’ என்று எழுதிவரும் மாணவர் நூலகத்தைத் தவிர்த்தவர் ஆவர்.

அங்கிருந்து திரும்புகையில், இன்று இல்லாத ஒரு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தோம். உ.வே. சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று வந்தபின் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த மனை தியாகராச விலாசம். ஐயர் 1942இல் மறைந்தார். அம்மனை 2012இல் இடிக்கப்பட்டது. அது குறித்து வருந்தி எழுதியோர் பலர்; இடிக்குமுன் எழுதியோர் அத்துணைப் பலர் அல்லர். நம் துறையினரும் அவருள் அடங்குவோம்.

ஈண்டு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஐயரின் என் சரித்திரம் அவர் சென்னைக்கு வருமுன்னரே நின்றுவிடுகின்றது. ஆனந்த விகடனில் வந்துகொண்டிருந்த தொடர் அவர் மறைவினால் நிறைவுறாது போயிற்று. நூலாக 1950இல் வந்தது. உத்தமதானபுரமும் திருவாவடுதுறையும் கும்பகோணமும் அந்நூலின் வழியே நம் கண்முன் நிற்கின்றன. திருவல்லிக்கேணி வீட்டுக்கு அந்நூலில் வரலாறு கிடைத்திலது. நூலிலும் இடம் பெறாது, நிலத்திலும் இடம் இழந்தது அவ்வீடு. திரு.வி.க.வின் இராயப்பேட்டைக்கு மனை இன்றேனும் நூல் உண்டு. பாரதியாரின் இறுதி ஆண்டுக்கு மனை உண்டு; அவர் தாமே எழுதிய வரலாறு இல்லை. 1910இல் வெளிவந்த கனவு என்னும் தன்வரலாற்றுப் பாட்டு இளமையோடு நிற்பது. சின்னச் சங்கரன் கதையோ முற்றுப்பெறாதது. ஐயரின் சென்னை வாழ்வுக்கு நூலகம் எஞ்சியது. 1943இல் தொடங்கப்பெற்று இன்று பெசன்ட் நகரில் விளங்கும் அவர் பெயரிய நூல்நிலையத்தில் அவர் தேடிய சுவடிகள் உள்ளன. வீட்டை இழந்தும் அவரை நாம் இழக்கவில்லை என்று ஆறுதல் கூறுவாரும் உளர். அவ்வாறுதல் முழுமையானதன்று. எவ்வறையில் இருந்து ஒப்புநோக்கினார், நூல் அடுக்கு எங்கிருந்தது, வந்தோர் எங்கு அமர்ந்தனர் என்பன பதிப்பு வரலாற்றுக்குப் புறம்பான செய்திகள் அல்ல. அவற்றை இனி யாரும் அளந்து எழுதுதல் இயலாது.

ஐயரையே காட்சியகத்தார்க்கு ஆசிரியராகக் கொள்ளலாம் என்று எமக்குத் தோன்றுகின்றது. 1887இல் சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, சுவடி எங்கிருந்து கிடைத்தது, யார் கொடுத்தார் என்பவற்றைத் தம் முகவுரைகளில் எழுதிவைத்தார். கொடுத்தவர் பெயரைக் கூறுதல் நன்றியறிதல் மட்டும் அன்று. சான்றின் வழியைக் காட்டுதலும் ஆகும். ஒரு சுவடியின் சிதைவுக்குக் காரணம் தேடுவார்க்கு அது வந்த வழி தெரிதல் வேண்டும். நம் சிறு காட்சியகங்களின் குறிப்பட்டைகளில் பெரும்பாலும் இல்லாதது இதுவே. பொருளின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், சில இடங்களில் புகழுரையும் இருக்கும். எவரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, மூலமா படியா என்பன இரா. இவற்றை எழுதப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓரடி மிகுதியாக எழுதினால் போதும்.

இதற்கு மறுப்பும் உண்டு. நினைவில்லம் ஆராய்ச்சி நிலையம் அன்று. பொதுமக்கள் வணங்கிச் செல்லும் இடம். அடிக்குறிப்புக்களை அங்கே தொங்கவிடுதல் பூசை அறையில் கணக்கேட்டை விரிப்பது போலாம் என்று நண்பர் ஒருவர் எள்ளினார். அவர் கூற்றில் பாதி உண்மை. சிறுவர் ஒருவரை அவர் தாய் பாரதியாரின் உருவத்தின்முன் நிறுத்தி ஒரு பாட்டைச் சொல்லச் செய்ததை யாமே அன்று கண்டோம். பாட்டில் இரண்டடி முன்பின் மாறி வந்தது. திருத்த எமக்கு மனம் எழவில்லை. வணக்கத்திற்கும் ஆராய்ச்சிக்கும் ஒரே அறை போதுமாயினும் ஒரே பலகை போதாது. வணங்க வருவார் பெரிய எழுத்தைப் படித்துச் செல்வர். ஆராய வருவார்க்குச் சிறிய எழுத்தில் ஓரடி இருப்பின் அது வணங்குவார் கண்ணை உறுத்தாது.

இவ்வாறு கூறுவதனால் பொறுப்பு முழுதும் காட்சியகத்தாரைச் சார்ந்தது என்று கருதுதல் வேண்டா. குறிப்பட்டை குறையுடையதாயின் வினவி அறிதல் ஆய்வாளர் கடன். பொருளை நேரிற் கண்டேன் என்பது மட்டும் சான்றாகாது. எந்நிலையில் உள்ள எதனைக் கண்டேன் என்பதும் உடன் வரல் வேண்டும். ‘நினைவில்லத்தில் கண்டது’ என்று முடியும் மேற்கோள் குறிப்புக்களை எம் துறையில் இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்துள்ளோம். கண்ட நாள், பேழை, மூலமா படியா, உசாவப்பெற்றவர் பதவி ஆகியன குறிக்கப்படுதல் வேண்டும். மாணவர் இதனை மிகை என்று முணுமுணுப்பதும் எம் செவிக்கு எட்டியுள்ளது.

அன்று எம்முடன் வந்த மாணவருள் இருவர், வாழ்க்கைக் குறிப்புகளில் வரும் இராயப்பேட்டைத் தெருக்களையும் கட்டடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இன்று நிற்பன எவை, பெயர் மாறியன எவை, மறைந்தன எவை என்று ஓர் அட்டவணை எழுதி வருகின்றனர். வெஸ்லி பள்ளிப் பகுதியை முடித்தனர். சாது அச்சுக்கூடம் நின்ற இடத்தைப் பழைய நூல்களின் முகப்பிலுள்ள முகவரிகளைக் கொண்டு தேடிக்கொண்டிருக்கின்றனர். ஒவ்வொரு பதிவிலும் செய்தி வந்த வழியை எழுதுமாறு கூறியுள்ளோம். முதல் பதிவிலேயே ‘ஆசிரியர் கூறியது’ என்று எழுதி எம்மையே சான்றாகக் காட்டியிருந்தனர். அதனை அடித்துத் திருப்பிக் கொடுத்தோம்.